அம்மா கையைக் கட்டிக்கொண்ட நாள்

எனக்கு உட்கார வராது. பிறவியிலேயே அப்படி. "சாப்பிடும்போதுகூட ஒரு கால் அடுப்படியில, ஒரு கால் வாசல்ல" என்று அம்மா திட்டுவாள். அதனால்தான் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கிற வேலை எனக்கு ஒத்துப்போனது. ஒரு விரிப்புக்கு இரண்டு பேர், ஆளுக்கு இரண்டு முனை. உதறி, இழுத்துப் பிடித்து, நடந்து வந்து முனையோடு முனை சேர்த்து, மறுபடி பின்னால் போய், மறுபடி வந்து. பேச்சும் அதே கணக்கில்தான் ஓடும். கிட்டே வரும்போது ஒரு வாக்கியம், தள்ளிப் போகும்போது மெஷின் சத்தத்துக்கு மேலே ஒரு கத்தல்.

என் ஜோடிக்குப் பட்டப்பெயர் வாயாடி. முகத்துக்கு நேரே அப்படிக் கூப்பிட்டாலும் "என்னடி?" என்று திரும்புவாள், கோபம் வராது. அவளிடம்தான் ஒருநாள் என் வயிற்றெரிச்சலைக் கொட்டினேன். அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடி. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் மூட்டு ஏற்கெனவே தேய்ந்து கிடக்கிறது. மாற்றியே ஆக வேண்டும், தள்ளிப்போட்டால் ஒரேயடியாகப் படுக்கைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மாவோ ஆபரேஷன் என்று வாயைத் திறந்தாலே எழுந்து போய்விடுவாள். எழுந்து என்றால், தடியை ஊன்றி, பல்லைக் கடித்து, சுவரைப் பிடித்து.

"நான் ஆஸ்பத்திரியில போய்ப் படுத்துட்டா உன் தம்பிய யாரு பாத்துக்கறது? நீ வேலைக்குப் போவியா, அவனைக் குளிப்பாட்டுவியா?" என்பாள். லீவு போட்டால் என் இடத்துக்கு வர வெளியே ஆள் காத்திருக்கிறது. ஒருத்தி சம்பாத்தியத்தில் மூன்று பேர் சாப்பிடுகிறோம்.

தம்பிக்கு முப்பது தாண்டிவிட்டது. ஆள் வாட்டசாட்டமாக இருப்பான். தெருவில் பார்க்கிறவர்கள் ஏதோ பெரிய ஆபீசர் என்றுதான் நினைப்பார்கள். அம்மா அவனை அப்படித் தலை சீவி, சட்டை தேய்த்துப் போட்டு வைத்திருப்பாள். ஆனால் புத்தி ஐந்தாறு வயதோடு நின்றுவிட்டது. பொத்தான் போட வராது. சில்லறை புரியாது. அடுப்பு சுடும் என்று தெரியும், அதை அணைக்க வேண்டும் என்று தெரியாது. அவன் விழித்திருக்கும் நேரமெல்லாம் அம்மாவின் ஒரு கண் அவன்மேல்தான் இருக்கும்.

"அவனுக்கு நீ கவர்மெண்டுல எழுதிக் குடுக்கலையா?" என்றாள் வாயாடி, முனையை என் கையில் கொடுத்துக்கொண்டே.

"என்னத்த எழுதறது?"

அவள் தள்ளிப் போனாள். "என் நாத்தனார் மகளுக்கு வாங்கினாங்களே!" என்று கத்தினாள். மறுபடி கிட்டே வந்தாள். "காலையில வேன் வந்து கூட்டிட்டுப் போயிடும். பகல் பூரா மையத்துல இருப்பா. சாயங்காலம் கொண்டுவந்து விட்டுடுவாங்க. குளிப்பாட்ட, உடுத்திவிட வீட்டுக்கே ஒரு ஆள் வரும்." தள்ளிப் போனாள். "உதவித்தொகையும் உண்டு!"

"யாரு குடுக்கறா?"

"கவர்மெண்டுதான்டி. பின்ன, என் மாமனாரா?"

கையிலிருந்த விரிப்பு நழுவித் தரையில் விழுந்தது. துவைத்த துணி தரையைத் தொட்டால் மறுபடி மெஷினுக்குள் போக வேண்டும். மேஸ்திரி அந்தக் கோடியிலிருந்தே கத்தினார். கத்தட்டும் என்று விட்டுவிட்டேன். ஊருக்கெல்லாம் தெரிந்த விஷயம் எங்கள் வீட்டுக்கு மட்டும் இத்தனை வருஷமாகத் தெரியாமல் இருந்திருக்கிறது என்றால் எங்களை என்னவென்று சொல்வது? நாங்கள் என்ன காட்டிலா இருந்தோம்?

மறுநாள் காலையில் சமூகநல அலுவலகத்துக்கு ஓடினேன். ஒரு கவுண்டரில் கேட்டால் அடுத்த கவுண்டரைக் காட்டினார்கள். அடுத்த கவுண்டரில் மாடியைக் காட்டினார்கள். மாடியில் ஒரு பெண், "முதல்ல கீழ கேட்டீங்களா?" என்றாள். நாற்காலிகள் வரிசையாகக் காலியாகத்தான் கிடந்தன, என்னால் உட்கார முடியவில்லை. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருந்தேன். காவலாளி, "கொஞ்சம் உக்காருங்களேன் அம்மா, எனக்குத் தலை சுத்துது" என்று கெஞ்சினார்.

கடைசியில் ஒரு கவுண்டர்காரர் புண்ணியம் கட்டிக்கொண்டார். "அறிவுசார் குறைபாடுன்னு பதிவு பண்ணணும். எவ்வளவு துணை தேவைப்படுதுன்னு ஆள் வீட்டுக்கு வந்து பாத்து எழுதுவாங்க. அவங்க எழுதறதை வெச்சுத்தான் மையம், வேன், வீட்டுக்கு ஆள் எல்லாம். தம்பிக்கு என்ன வயசு?"

"முப்பத்தொண்ணு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "இத்தனை நாளா எங்க இருந்தீங்க?"

"வீட்டுலதான்" என்றேன். வேறு என்ன சொல்வது?

அம்மாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியாது, என்னைக் கட்டிக்கொள்வாள் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அவள் முகம் சுண்டிப்போனது.

"யாரோ வந்து அவனைப் பாப்பாங்களா?"

"பாத்தாத்தானேம்மா குடுப்பாங்க."

"வந்து என்ன பாப்பாங்க?"

"அவனால என்னென்ன முடியலைன்னு பாப்பாங்க."

அன்று சாயங்காலமே பாடம் ஆரம்பமாகிவிட்டது.

பாடம் என்று எங்கள் வீட்டில் சொல்வது ஒரு கேள்வி பதில். அவன் சின்னவனாக இருந்தபோதிலிருந்து நடக்கிறது. அவனை எதிரே உட்காரவைத்து, "உன் பேரு என்ன? வயசு என்ன? வீடு எங்க? எப்படி இருக்கே?" என்று அம்மா கேட்பாள். பதில் சரியாக வந்தால் அவன் கன்னத்தைக் காட்டுவான், அம்மா கிள்ளி முத்தம் கொடுத்து "என் தங்கம்" என்பாள். வீட்டுக்குப் புதிதாக யார் வந்தாலும், நாங்கள் எங்கே போனாலும், முந்தின நாள் பாடம் உண்டு. "எப்படி இருக்கே?" என்றால் "நல்லா இருக்கேன், சாப்பிட்டாச்சு" என்பது அவனுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். சொந்தக்காரர்கள் பலருக்கு இன்னும் அவனைப் பற்றி முழுசாகத் தெரியாது. கூச்ச சுபாவம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வந்தவர் சட்டைப்பையில் ஒரு கொத்துப் பேனா வைத்திருந்தார். பேனாக்காரர் என்றே சொல்கிறேன். நல்ல மனிதர்தான், ஆனால் அவசரக்காரர்; இன்னும் எத்தனையோ வீடு பாக்கி என்று வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தார். தம்பி அவருக்கு எதிரே. அம்மா அவருக்குப் பின்னால் சுவரோரம் ஒரு ஸ்டூலில். இந்த மாதிரி நேரங்களில் நானும் அம்மா பக்கத்தில்தான் நிற்பேன். அன்று தண்ணீர் தம்ளரோடு வந்தவள் தம்பிக்குப் பின்னால் நின்றுவிட்டேன். அம்மாவை நேருக்கு நேராகப் பார்த்துக்கொண்டு.

"உங்க பேரு என்ன?"

அம்மாவின் கை மெல்ல எழுந்து தொண்டையைத் தொட்டது. தம்பி அப்பா பெயரையும் சேர்த்துத் தன் முழுப் பெயரைக் கணீரென்று சொன்னான்.

"வயசு?"

அம்மா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தாள். "முப்பத்தொண்ணு" என்றான்.

எனக்கு அப்போதும் பிடிபடவில்லை. பேனாக்காரர் பாடத்தில் இல்லாத கேள்விக்குப் போனார்.

"வீட்டுல தீப்பிடிச்சா என்ன பண்ணுவீங்க?"

அம்மாவின் இரண்டு விரல்கள் மடியின்மேல் நடந்தன. "வெளிய போவேன்" என்றான் தம்பி.

"தெரியாதவங்க யாராவது கூப்பிட்டா அவங்ககூடப் போவீங்களா?"

அம்மாவின் ஆள்காட்டி விரல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. "மாட்டேன்."

"அருமை!" என்றார் பேனாக்காரர்.

அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. தம்பி அந்த மனிதரைப் பார்க்கவே இல்லை. அவர் தோளுக்கு மேலாக அம்மாவின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கேள்வி எந்தப் பாஷையில் வந்திருந்தாலும் அவன் சரியாகத்தான் சொல்லியிருப்பான்.

"குளிக்கறது, சட்டை மாட்டறது எல்லாம் அவரே பண்ணுவாரா?" என்று பேனாக்காரர் அம்மா பக்கம் திரும்பினார்.

"எல்லாம் அவனே பாத்துப்பான் சார். எனக்கு ஒத்தாசையே அவன்தான்."

"அம்மா!" என்றேன்.

"நீ சும்மா இருடி."

"சார், இவங்க சொல்றது..."

"கூடவே இருக்கறவங்க அம்மாதானே? அவங்களுக்குத் தெரியாததா?" என்று சிரித்துக்கொண்டே எழுதி முடித்துவிட்டார். படியிறங்கும்வரை பின்னாலேயே போய்க் கத்தினேன். ஆபீசில் வந்து பேசுங்க அம்மா என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் போய்விட்டார்.

பதில் வந்தது. அன்றாட வேலைகளைத் தானே செய்துகொள்கிறார், துணை தேவையில்லை. மையம் இல்லை, வேன் இல்லை, வீட்டுக்கு ஆளும் இல்லை.

"பாஸ் பண்ணிட்டான்டி!" என்றாள் அம்மா.

தலையில் அடித்துக்கொண்டேன். அம்மா அதைக் கண்டுகொள்ளவே இல்லை. தடியை ஊன்றிக்கொண்டு எதிர் வீட்டுக் கதவைத் தட்டி, "கவர்மெண்டே எழுதிக் குடுத்துட்டாங்க, என் பையன் எல்லாம் தானே செஞ்சுக்கறானாம்" என்று சொல்லிவிட்டு வந்தாள். வலியில் உதடு வெளுத்திருந்தது. கண் மட்டும் மினுங்கியது. திட்டவும் முடியாமல், திட்டாமல் இருக்கவும் முடியாமல் நான் வீட்டுக்கும் மொட்டைமாடிக்கும் ஏறி ஏறி இறங்கினேன்.

சலவைக்கூடத்திலும் கை ஓடவில்லை. முனைக்கு முனை சேரவில்லை. "என்னடி, பேஷண்ட் படுக்கறதுக்கு முன்னாடியே விரிப்பு கோணிக்கிட்டு நிக்குது?" என்றாள் வாயாடி. விஷயத்தைச் சொன்னதும், "இது என்ன பெரிய வித்தை? கேட்டா தெரியாதுன்னு சொல்லச் சொல்லு" என்றாள்.

அதையும் செய்து பார்த்தேன். பொய் சொல்லச் சொல்லிக்கொடுக்கிறோமே என்று மனசு உறுத்தத்தான் செய்தது. ஆனால் பொத்தான் போடத் தெரியாதவனைத் தெரியாது என்று சொல்லச் சொல்வதில் பொய் எங்கே இருக்கிறது? அவனை உட்காரவைத்து, "பேரு என்னன்னு கேட்டா, தெரியாதுன்னு சொல்லுடா" என்றேன்.

"எனக்குத் தெரியுமே அக்கா" என்றான்.

"தெரியும்டா கண்ணா. ஆனா தெரியாதுன்னு சொல்லணும்."

அவன் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று நினைத்துவிட்டான். "தெரியுமே, தெரியுமே" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். உள்ளேயிருந்து அம்மா, "அவனை எதுக்குடி அழவெக்கறே? பிள்ளை இப்பத்தான் நல்லா பதில் சொல்றான், கெடுத்துடாத" என்று வந்தாள்.

அவ்வளவுதான், எனக்குப் பொங்கிவிட்டது.

"அவனா பதில் சொல்றான்? நீ சொல்றேம்மா! உன் கை சொல்லுது!"

"எந்தக் கை?"

நடிக்கிறாளோ என்று பார்த்தேன். இல்லை. அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு அவளை உட்காரவைத்து, அவள் இரண்டு கையையும் என் ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். தம்பியைப் பார்த்து, "உன் பேரு என்ன?" என்று கேட்டேன். அவன் சிரித்தான். அம்மாவின் மடியைப் பார்த்தான். காத்திருந்தான். என் பிடிக்குள்ளே அம்மாவின் விரல்கள் துடித்தன. அதை அவளே அப்போதுதான் உணர்ந்தாள் என்று நினைக்கிறேன். பிறகு என் இன்னொரு கையால் என் தொண்டையைத் தொட்டேன். உடனே பெயரைச் சொன்னான். கேள்வியே கேட்காமல், இல்லாத மூக்குக்கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றினேன்.

"முப்பத்தொண்ணு" என்று கன்னத்தைக் காட்டினான்.

அம்மா தன் கையை விடுவித்துக்கொண்டு, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். "நான் இப்படியா பண்றேன்?" என்றாள். என்னைப் பார்க்காமலேயே பேசினாள்.

"இவன் குழந்தையா இருக்கறப்ப ஒரு டாக்டர் என்ன சொன்னார் தெரியுமா? இதைக் கொண்டுபோய் எங்கயாவது விடுதியில விட்டுட்டு வேற ஒண்ணு பெத்துக்கோங்கன்னார். 'இதை'ன்னார்டி. அன்னைக்கு முடிவு பண்ணினேன், எவன் வந்து பாத்தாலும் இவன்கிட்ட ஒரு குறையும் தெரியக் கூடாதுன்னு. தெரிஞ்சா தூக்கிட்டுப் போயிடுவாங்க."

"இப்பல்லாம் யாரும் தூக்கிட்டுப் போகலம்மா. சாயங்காலம் கொண்டுவந்து விட்டுடுவாங்க."

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

எனக்கு எப்படித் தெரியும்? வாயாடி சொன்னதுதான். அடுத்த நாள் வேலையை அரைநாளோடு விட்டுவிட்டு அந்த மையத்துக்கே போனேன். ஒரு பழைய பள்ளிக்கூடக் கட்டடம். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் தம்பி வயதில் நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து கவரில் எதையோ போட்டு ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் ஒட்டாமல் பாடிக்கொண்டிருந்தான், யாரும் அவனை ஏன் என்று கேட்கவில்லை. சாயங்காலம் வேன் கிளம்பும்வரை எதிர்ப்பக்க நடைபாதையில் நின்றேன். எல்லோரும் ஏறினார்கள். வேன் பின்னாலேயே அடுத்த சிக்னல்வரை ஓடிக்கூடப் பார்த்தேன். வழியில் ஒரு வீட்டு வாசலில் ஒரு பெண்ணை இறக்கிவிட்டார்கள், அவள் அப்பா வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். அதை அப்படியே வந்து அம்மாவிடம் சொன்னேன். "அப்பாவேதானா? நல்லாப் பாத்தியா?" என்று மூன்று தடவை கேட்டாள்.

மறுபடி அதே கவுண்டர்காரர். "திரும்பப் பாக்கணும்னு எழுதிக் குடுங்க, வேற ஆள் வருவாங்க" என்றார். "ஆனா ஒண்ணு. விருந்தாளி வர்றாங்கன்னு வீட்டைத் துடைச்சு வெக்கற மாதிரி பிள்ளையைத் துடைச்சு வெச்சுக் காட்டாதீங்க. எல்லாரும் அதைத்தான் பண்றாங்க. அப்புறம் இங்க வந்து அழறாங்க. மோசமான நாள் எப்படி இருந்துச்சோ, அதைச் சொல்லுங்க."

அதன்பிறகு காத்திருப்பு. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் எழுந்துவிடுவேன். கீரைக்காரி, கேஸ்காரர், யாராக இருந்தாலும். அம்மாவுக்கு வலி கூடிக்கொண்டே போனது. தம்பியைக் குளிப்பாட்டும்போது அவள் சுவரில் சாய்ந்து நின்று சொம்பால் ஊற்றுவாள், சோப்பு அப்படியே காய்ந்து கிடக்கும். இந்தத் தடவையும் இல்லை என்றால் அவள் ஆபரேஷனுக்கு ஒத்துக்கொள்ளவே மாட்டாள் என்று எனக்குத் தெரியும். அவளும் படுத்துவிட்டால் நான் இரண்டு பேரை வைத்துக்கொண்டு என்ன செய்வேன்?

இந்தத் தடவை வந்தது ஒரு அம்மணி. அவ்வளவு நிதானத்தை நான் பார்த்ததில்லை. செருப்பை நிதானமாகக் கழற்றி, தண்ணீரை நிதானமாகக் குடித்து, பையை நிதானமாகத் திறந்தார். எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. அம்மா தானாகவே போய் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். இரண்டு கையையும் மார்புக்குக் குறுக்கே கட்டி, விரல்களை அக்குளுக்குள் செருகிக்கொண்டாள். தம்பிக்கு நேர் எதிரே.

"வணக்கம். உங்க பேரு என்ன?"

தம்பி சிரித்தான். அம்மாவைப் பார்த்தான். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மணி மறுபடி கேட்கவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அவன் சிரிப்பு மெல்லக் குறைந்தது. இடம் மாறி உட்கார்ந்து பார்த்தான், கழுத்தை நீட்டிப் பார்த்தான். அம்மாவின் தோள்கள் இறுகின. சொல்லிவிடுடா என்று எனக்கே வாய்வரை வந்துவிட்டது.

"அம்மா, கை?" என்றான்.

அம்மா அசையவில்லை. அவன் எழுந்து போனான். குனிந்து, அவள் அக்குளிலிருந்து வலது கையை இழுத்து எடுத்தான். அதைத் தூக்கி அவள் தொண்டைமேல் வைத்தான். விழுந்துவிடாமல் இருக்கிறதா என்று பார்த்தான். திரும்பி வந்து நாற்காலியில் ஒழுங்காக உட்கார்ந்து, தன் முழுப் பெயரையும் கணீரென்று சொன்னான்.

அந்த அம்மணி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "எவ்வளவு காலமா இப்படி?" என்று கேட்டார்.

"எனக்கே இப்பத்தான் தெரியும்" என்றாள் அம்மா. தொண்டைமேல் வைத்த கையை அவள் இன்னும் எடுக்கவில்லை.

"உங்க வீட்டுல நடந்த ஒரு மோசமான நாளைப் பத்திச் சொல்லுங்க. வேணும்னா அவர் உள்ள போய் இருக்கட்டும்."

அம்மா தம்பியைப் பார்த்தாள். "வேண்டாம். அவனைப் பத்தித்தானே, அவனும் கேக்கட்டும்" என்றாள். பிறகு குளியலறையில் விழுந்த கதையைச் சொன்னாள். நான் வேலையிலிருந்து வந்தபோது பார்த்தது, அவள் ஈரத்தரையில் கிடந்ததும், தம்பி ஒரு துண்டை எடுத்து அவள்மேல் போர்த்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததும்தான். பாவம், அவனுக்கு யாரையும் கூப்பிடத் தெரியவில்லை என்று நினைத்தேன். அம்மாவும் அப்படித்தான் சொன்னாள்.

"கூப்பிடப் போனான் மேடம்" என்றாள் இப்போது. "எதிர் வீட்டு அக்காவக் கூட்டிட்டு வாடான்னேன். போனான். கதவத் தட்டினது எனக்கு உள்ள கேட்டுச்சு. அவ திறந்து, என்னப்பா, எப்படி இருக்கேன்னு கேட்டா. நல்லா இருக்கேன், சாப்பிட்டாச்சுன்னான். அம்மா எப்படி இருக்காங்கன்னு கேட்டா. அம்மாவும் நல்லா இருக்காங்கன்னான். சரிப்பான்னு அவ கதவைச் சாத்திட்டா. நான் உள்ளயிருந்து கத்தறேன், வலியில என் சத்தம் வெளிய வரல. இவன் திரும்பி வந்து என் பக்கத்துல உக்காந்தான். உக்காந்து..."

"சொல்லுங்க."

"கன்னத்தைக் காட்டினான்."

"நீங்க என்ன பண்ணீங்க?" என்று அந்த அம்மணி கேட்டார்.

"கிள்ளினேன். நான் சொல்லிக்குடுத்ததைச் சரியாத்தானே சொன்னான்?" அம்மாவின் குரல் உடைந்தது. "எனக்கு உயிர் போயிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பான் மேடம். யாரு வந்து கேட்டாலும் நல்லா இருக்கோம்னுதான் சொல்லியிருப்பான். அவனை ஒரு நிமிஷம்கூடத் தனியா விட முடியாது. இதை நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல. இவகிட்டகூடச் சொன்னதில்ல."

எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இந்த மனுஷி அந்தத் தரையில் கிடந்தபடி அவன் கன்னத்தைக் கிள்ளியிருக்கிறாள். அதற்கப்புறமும் அந்தப் பேனாக்காரரிடம் எல்லாம் அவனே பார்த்துக்கொள்வான் என்று சொல்லியிருக்கிறாள். கோபமா, பாசமா, என்ன இழவு என்று தெரியவில்லை.

நான் திரும்பி வந்தபோது தம்பி ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். "தப்பாச் சொன்னேனா?" என்று அம்மாவிடம் கேட்டான்.

"இல்லடா. நான் தப்பாச் சொல்லிக்குடுத்துட்டேன்."

அந்த அம்மணி குளியலறையைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், தம்பியிடம் ஒரு சட்டையைக் கொடுத்துப் போடச் சொல்லி, அவன் பொத்தானோடு மல்லுக்கட்டுவதைப் பொறுமையாகப் பார்த்தார். அந்த நிதானம் அப்போது எனக்கு எரிச்சலாக இல்லை.

இந்தத் தடவை பதில் வந்தபோது அம்மா எதிர் வீட்டுக் கதவைத் தட்டவில்லை. நாள் முழுவதும் துணை தேவை என்று எழுதியிருந்ததைப் படிக்கச் சொல்லி ஒரு தடவை கேட்டாள். "சரி" என்றாள். ஆபரேஷனுக்கு நாள் குறித்துக்கொண்டு வந்தோம். அதற்கு முன்னாலேயே அவன் மையத்துக்குப் போய்ப் பழகட்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன்.

வேன் வருகிற காலையில் அம்மா அவனுக்கு நன்றாகத் தலை சீவிவிட்டாள். அதை யார் சொன்னாலும் விட மாட்டாள். முந்தின நாள் பாடம் நடக்கவில்லை. வாசலில் நாங்கள் மூன்று பேரும் நின்றோம், நான் நிற்கவில்லை, தெருமுனைக்குப் போய்ப் போய் வந்தேன். வேன் வந்தது. நரைத்த மீசைக்காரர் ஒருவர் ஸ்டீயரிங்கை விட்டு இறங்கி வந்து பக்கவாட்டுக் கதவைத் திறந்தார்.

"வாங்க தம்பி. பேரு என்ன?"

அம்மா இரண்டு கையாலும் தடியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தம்பி அவள் பக்கம் திரும்பவே இல்லை. வேன்காரரின் முகத்தை நேராகப் பார்த்தான்.

"என்னை ஒரு நிமிஷம்கூடத் தனியா விட முடியாது" என்றான் கணீரென்று.

"அட, என் வீட்டுக்காரியும் என்னைப் பத்தி இதையேதான் சொல்றா" என்றார் வேன்காரர். "ஏறுங்க, ஏறுங்க."

தம்பி சிரித்துக்கொண்டே ஏறினான். வேன் தெருமுனையில் திரும்பி மறைந்தது. எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது, ஆனால் கால் நகரவில்லை. அம்மா தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் அழுகையா சிரிப்பா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"நான் சொல்லிக்குடுக்கலடி" என்றாள். "அவனாவேதான் சொன்னான்."